தவறினால் ஒரு புள்ளி

2023 செப்ரெம்பர் 30 ஆம் திகதி, புரட்டாதிச் சனி. காலை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னர் அம்மா எள்ளெண்ணெய்ப் போத்தலையும் அருச்சனைத் தட்டையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வெளிக்கிட்டார். விறாந்தையில் அக்காவின் மகன் மாதிரி வினாத்தாளை விரித்து வைத்திருந்தான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் இரண்டு கிழமைதான். அப்பா மணிக்கூட்டைப் பார்த்து அவனுக்கு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, மெல்பேர்ணிலிருந்து மாமா எடுக்கப்போகும் வீடியோ அழைப்புக்காகக் காத்திருந்தேன். அங்கே அப்போது பிற்பகல் இரண்டரை மணி. அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தின் இறுதிப் போட்டி தொடங்கப்போகிறது. கொலிங்வூட்டுக்கும் பிறிஸ்பேனுக்கும்.

மாமாவுக்கு மைதானத்துக்குப் போக ரிக்கெட் கிடைக்கவில்லை. வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் தொலைபேசியை நிறுத்தி எங்களுக்கும் காட்டுவதாகச் சொல்லியிருந்தார்.

"என்ன விளையாட்டு பிள்ளை அது? றக்பியோ?" என்று அப்பா கேட்டார்.

"இல்லை அப்பா. வேற."

"வேற எண்டால்?"

அதைச் சொல்லவேண்டுமென்றால் ஏப்ரல் மாதத்திலிருந்து சொல்லவேண்டும். இல்லை, இன்னும் முன்னாலிருந்து.

நான் 2022 மாசியில் மெல்பேர்ண் போனேன். புள்ளிவிபரவியலில் முதுமாணி. உதவித்தொகை கிடைத்ததால்தான் போக முடிந்தது. கிளேட்டனில் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தேன். போய் இரண்டு மாதம் ஆகுமுன்னரே ஊரில் ரூபா விழுந்தது. ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அம்மாவுக்கு அழைப்பு எடுத்தால் இருட்டில் குரல் மட்டும் வரும். அந்த ஆண்டு முழுக்க உடம்புதான் அங்கே இருந்தது. இரவில் படிப்பு முடிந்தால் ஊர்ச் செய்தி, காலையில் எழும்பினால் ஊர்ச் செய்தி.

ஆனால் மெல்பேர்ணில் பங்குனி தொடக்கம் புரட்டாதி வரை ஒரு கேள்வியிலிருந்து யாரும் தப்ப முடியாது. "நீ எந்த அணி?" திங்கட்கிழமை காலையில் பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்பார்கள். முடி வெட்டப் போனால் கேட்பார்கள். சுப்பர் மார்க்கெட்டில் காசு வாங்கும் பெண் கேட்பாள். விளையாட்டில் விருப்பமில்லை என்று சொன்னால் பரவாயில்லை, அணி எது என்பார்கள். ஊர் எது என்று நாங்கள் கேட்பதுபோலத்தான் அது. ஒரு பதில் இருந்தாக வேண்டும்.

என்னிடம் ஒரு பதில் இருந்தது. அது தர்ஜினி சிவலிங்கம் தந்த பதில். புன்னாலைக்கட்டுவனுக்குப் பக்கத்து ஈவினையில் பிறந்து, 208 சென்ரிமீற்றர் உயரத்தோடு இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் நின்று, 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணிகளில் விளையாடியவர். நாங்கள் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடிய காலத்தில் எங்கள் எல்லோருக்கும் அவர்தான் அக்கா. பாதையில் போனால் உயரத்தைப் பார்த்துச் சிரித்த ஊர், பிறகு அவர் படத்தைப் பத்திரிகையில் வெட்டி ஒட்டியது. அவர் மெல்பேர்ணுக்கு வந்து சிற்றி வெஸ்ற் ஃபல்கன்ஸ் அணியில் விளையாடினார். அவரைப் பற்றிய செய்திகளைத் தேடிப் படித்தபோது கொலிங்வூட் கழகத்தின் வலைப்பந்து அணியும் கண்ணில் பட்டது. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட அந்தக் கழகத்தின் பெயரை நான் முதன்முதலில் கேள்விப்பட்டது அப்படித்தான். ஆகவே யார் கேட்டாலும் கொலிங்வூட் என்றேன். சிலர் கைகொடுப்பார்கள், பலர் முகத்தைச் சுளிப்பார்கள். அந்த ஊரில் மற்ற எல்லா அணிக்காரருக்கும் பொதுவாகப் பிடிக்காத அணி அதுதான் என்பது பிறகு தெரிந்தது.

டண்டினோங்கில் இருக்கும் மாமாவும் கொலிங்வூட்தான். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. 1989 இல் ஊரை விட்டுப் போனவர். போன புதிதில் மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. 1990 ஆனியில் இங்கே மறுபடி சண்டை தொடங்கியது. கோட்டையைச் சுற்றி அடிபாடு. மின்சாரமும் நின்றுபோனது, கடிதமும் நின்றுபோனது. அம்மம்மா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் மாமா அங்கே மாதக்கணக்கில் இருந்தார். அந்த நாட்களில் கூட வேலை செய்த ஒரு கிரேக்கக்காரர், அறையில் தனியாக இருக்காதே என்று சனிக்கிழமைகளில் இவரைக் கூட்டிக்கொண்டு போன இடம்தான் கொலிங்வூட்டின் பழைய மைதானம். அந்த ஆண்டு ஒக்டோபரில் கொலிங்வூட் 32 ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணத்தை வென்றது. தெருவெல்லாம் ஆட்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று மாமா சொல்வார். "அவை எதுக்கு அழுதினமோ தெரியாது பிள்ளை. நானும் நிண்டு அழுதன். எனக்கு அழ ஒரு இடம் வேண்டியிருந்தது."

அந்த மாமாதான் என்னை 2023 ஏப்ரல் 25 அன்று முதன்முதலில் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஏப்ரல் 25 அங்கே அன்சாக் தினம். 1915 இல் கலிப்பொலியில் போய் இறங்கிய படையினரையும், பிறகு வந்த போர்களில் இறந்தவர்களையும் நினைவுகொள்ளும் நாள். 1995 இலிருந்து அந்த நாளில் எம்.சி.ஜி. மைதானத்தில் கொலிங்வூட்டும் எசண்டனும் மோதுகின்றன. கிளேட்டனில் ரயில் ஏறும்போதே ஒவ்வொரு பெட்டியிலும் கழுத்துச் சால்வைகள். பாதி கறுப்பு வெள்ளை, பாதி கறுப்பு சிவப்பு. எதிரெதிர் அணிக்காரர்கள் ஒரே இருக்கையில் முழங்கை முட்ட இருந்தார்கள். ரிச்மண்டில் இறங்கிய கூட்டம் பூங்காவுக்குள்ளால் ஆறுபோலப் போனது. கைத்தடி ஊன்றிய கிழவிகள், தள்ளுவண்டியில் கைக்குழந்தை, கழுத்தில் தாத்தாவின் பதக்கங்களை மாட்டிய சிறுவன். பெண்கள் இவ்வளவு பேரா என்று நான் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அதுவரை நான் ஒரு மைதானத்துக்குள் பார்வையாளராகப் போய் இருந்ததே இல்லை. வடக்கின் பெருஞ்சமர் என்று சொல்லும் பள்ளிக்கூடக் கிரிக்கெட் போட்டி நாட்களில் சென்ரல் கல்லூரி மைதானத்துச் சத்தத்தை நூலகத்தில் இருந்து கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். யாழ்ப்பாணம் பொது நூலகத்தின் மாடியில் கடந்தகால வினாத்தாள்களோடு இருப்பேன். ஜன்னலால் பப்பரே வாத்தியமும் பெடியளின் கூச்சலும் வரும். யாரோ நான்கு அடித்திருக்கிறான், இல்லை விக்கெட் விழுந்திருக்கிறது என்று ஊகித்துக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போவேன். நூறு ஆண்டுக்கு மேலாக நடக்கும் போட்டி, சைக்கிள் மிதித்தால் இரண்டு நிமிடத் தூரம். போகக்கூடாது என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. எங்கள் வகுப்பில் எவளும் போனதில்லை, அதனால் எனக்கும் போகத் தோன்றவில்லை.

எம்.சி.ஜி.க்கு ஒரு இலட்சம் பேர் கொள்ளும். நாங்கள் மேலே, மிக மேலே இருந்தோம். முதலில் கண்ணில் பட்டது அது ஒரு கிரிக்கெட் மைதானம் என்பதுதான். உலகின் முதலாவது டெஸ்ட் போட்டி 1877 இல் நடந்த மைதானம். கிரிக்கெட் இல்லாத குளிர்காலத்தில் வீரர்களின் உடம்பு இறுகிப் போகாமல் இருக்க ஒரு ஆட்டம் வேண்டும் என்றுதான் இது தொடங்கியதாம். விதிகளை 1859 இல் எழுதிவைத்தார்கள். அதனால்தான் மைதானம் முட்டை வடிவம், அதனால்தான் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு அளவு. இவ்வளவையும் படியேறும்போதே மாமா சொல்லி முடித்துவிட்டார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை, எனக்கு வாங்கியது.

ஆட்டத்துக்கு முன்னர் எல்லோரையும் எழும்பச் சொன்னார்கள். எக்காளம் ஊதினார்கள். பிறகு மௌனம்.

தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் இருந்த இடம் அது. ஒரு நொடிக்கு முன்னர் பக்கத்தில் இருந்தவர் பேசுவது கேட்காத அளவுக்கு இரைச்சல். அது அப்படியே அடங்கியது. பறவைகளின் சத்தம் கேட்டது. கொடிக்கம்பத்தில் கயிறு அடிபடுவது கேட்டது. எங்கோ ஒரு குழந்தை அழத் தொடங்கி, யாரோ அணைத்தவுடன் நின்றது. மாமா தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடவில்லை, நேரே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் ஊரில் இப்படி நிற்க விட்ட ஆண்டுகளும் உண்டு, விடாத ஆண்டுகளும் உண்டு. விளக்கை வாசலில் வைக்கலாமா, உள்ளறையில் வைப்போமா என்று அம்மாவும் அப்பாவும் தாழ்ந்த குரலில் கதைத்த கார்த்திகை இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. இங்கே ஒரு ஊரே கூடி நின்று, இறந்த தன் பிள்ளைகளுக்காக வாயை மூடிக்கொள்கிறது. நான் யாரை நினைத்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. மாமா யாரை நினைத்தார் என்று எனக்குத் தெரியும்.

பிறகு சைரன் ஊதியது, தொண்ணூறாயிரம் தொண்டையும் ஒன்றாகத் திறந்தன.

முதல் பத்து நிமிடம் ஒன்றுமே விளங்கவில்லை. பந்து உருண்டையாக இல்லை, உரித்த தேங்காய் மாதிரி இருந்தது, அளவும் கிட்டத்தட்ட அதுதான். நிலத்தில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், மொத்தம் முப்பத்தாறு பேர். ஓஃப்சைட் என்று ஒன்று கிடையாது, யாரும் எங்கேயும் நிற்கலாம். பந்தை எறியக்கூடாது, ஒரு கையில் வைத்து மற்றக் கையின் முட்டியால் குத்தித்தான் கொடுக்கவேண்டும். தூக்கிக்கொண்டு ஓடினால் பதினைந்து மீற்றருக்கு ஒரு தடவை நிலத்தில் தட்டவேண்டும். கூட்டாளி பதினைந்து மீற்றருக்குக் குறையாமல் உதைத்த பந்தை நிலத்தில் விழாமல் பிடித்தால் அது மார்க், நின்று நிதானமாக உதைக்கலாம். அதைப் பிடிப்பதற்காக ஒருவன் மற்றவன் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறுகிறான். அது குற்றமில்லையாம். பந்து வெளியே போனால் கோட்டு நடுவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேலால் பின்பக்கமாக எறிகிறார்.

"எல்லாத்தையும் ஒண்டாப் பாக்காத. பந்தை விடு, கம்பத்தைப் பார்" என்றார் மாமா.

மைதானத்தின் இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் இரண்டு உயரம், ஓரத்தில் இரண்டு கட்டை. உயரமான இரண்டுக்கும் நடுவால் பந்தை உதைத்தால் கோல், ஆறு புள்ளி. அதுவரை சரி. அந்த நேரம் கொலிங்வூட்காரன் ஒருவன் மார்க் பிடித்து, நிதானமாக ஓடிவந்து உதைத்தான். பந்து நேராகப் போகிறது என்று எல்லோரும் எழும்பினோம். கடைசியில் அது வலப்பக்கம் வளைந்து, உயரக் கம்பத்துக்கும் கட்டைக் கம்பத்துக்கும் நடுவால் போனது. எங்களைச் சுற்றி ஆயிரம் பேர் "ஐயோ" என்பதுபோல் ஒரு மூச்சு விட்டார்கள்.

"பிழைச்சுப்போச்சு" என்றேன்.

"பிழைச்சதில்லை பிள்ளை. ஒண்டு."

"என்ன ஒண்டு?"

"ஒரு புள்ளி. அதுக்குப் பேர் பிகைண்ட். அங்க பார்."

கம்பங்களுக்கு நடுவில் நின்ற கோல் நடுவர் இரண்டடி முன்னுக்கு வந்தார். ஒரு கையின் சுட்டுவிரலை நீட்டினார். பிறகு திரும்பி வெள்ளைக் கொடி ஒன்றை எடுத்து இப்படியும் அப்படியுமாக வீசினார். கோல் என்றால் இரண்டு விரல், இரண்டு கொடி. இது ஒரு விரல், ஒரு கொடி. மைதானத்தின் மற்ற முனையில் நிற்கும் கோல் நடுவர் அந்தக் கொடியைப் பார்க்கிறார். இருவரும் தங்கள் அட்டையை எடுத்து அந்த ஒன்றைக் குறித்துக்கொள்கிறார்கள். கோலுக்கு எவ்வளவு நிதானமோ, எவ்வளவு மரியாதையோ, அதே நிதானம், அதே மரியாதை. பந்து உயரக் கம்பத்தில் முட்டினாலும் ஒன்று. எதிரணியின் விரல்நுனி பட்டுப் போனாலும் ஒன்று. கோலுக்குக் கிட்டப் போனதற்கு, கிட்டப் போனதாக ஒரு பதிவு.

எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்தது. ஏன் என்று மாமாவுக்கு அப்போது சொல்லவில்லை.

நான் உயர்தரம் மூன்று தடவை எடுத்தவள். மூன்றுக்கு மேல் எடுக்க முடியாது. கணிதப் பிரிவு. விடிய நாலரைக்கு எழும்பி ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பிறகு மறுபடி ரியூசன், பிறகு நூலகம். மூன்றாவது தடவை 2014 இல். முடிவு வந்தது. சில மாதம் கழித்துப் பொறியியலுக்கான யாழ்ப்பாண மாவட்ட வெட்டுப்புள்ளி வந்தது. எனக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் மூன்றாம் தசமதானத்தில் இருந்தது. அப்பா வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சைக்கிளைச் சுவரோடு சாத்தினார். ஒன்றும் சொல்லாமல் நேரே கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாக அள்ளிக் குளித்தார். பகல் பதினொரு மணிக்கு யாரும் குளிப்பதில்லை. நான் குசினியில் நின்று வாளி தண்ணீரில் விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பிறகு அந்த எண்ணைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கதைத்ததில்லை.

அந்த வெட்டுப்புள்ளிக்கு அடிப்படையான இசட் புள்ளி என்றால் என்ன என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் என் படிப்பே. எடுத்த புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து நியம விலகலால் பிரிப்பது. வெவ்வேறு பாடங்களை ஒரே தராசில் வைப்பதற்கு அதைவிட எளிய வழி இல்லை. இடங்கள் இத்தனைதான் என்றால் எங்கோ ஓரிடத்தில் கோடு விழத்தான் செய்யும், அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை இப்பால் யாரோ ஒருத்தி நிற்கத்தான் செய்வாள். அதோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்குக் கிடைத்த பௌதிக விஞ்ஞானப் படிப்புத்தான் என்னைப் புள்ளிவிபரவியலுக்குக் கொண்டுபோனது, அதை நான் நேசிக்கிறேன். என்னை அரித்தது வேறு. இவ்வளவு கிட்டப் போனேன் என்பது எங்கேயும் எழுதப்படவில்லை. நூறு மைல் தள்ளி விழுந்தவளுக்கும் எனக்கும் ஒரே சொல்தான், "கிடைக்கேல்லை". ஒழுங்கையில் கண்டவர்கள் கேட்டபோதும் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன். அந்த மூன்றாம் தசமதானத்தை நான் மட்டும் ஒன்பது ஆண்டாகச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

இங்கே ஒரு வளர்ந்த மனிதர் கோல் அடிக்கத் தவறியதைக் கொடி காட்டி அறிவித்து, அட்டையில் எழுதி வைக்கிறார்.

அரைநேர இடைவேளையில் மாமா பை என்று சொல்லும் இறைச்சி ரொட்டி வாங்கித் தந்தார். கையைச் சுட்டது. அதைத் தின்றுகொண்டே இந்த ஒற்றைப் புள்ளிகளின் வரலாற்றைச் சொன்னார். புள்ளி எழுதும் முறையே அங்கே வேறு. முதலில் கோல், ஒரு புள்ளி வைத்து பிகைண்ட், பிறகு அடைப்புக்குறிக்குள் மொத்தம். 1995 இல் இதே நாளில் நடந்த முதல் போட்டியில் கொலிங்வூட் 17.9 (111), எசண்டன் 16.15 (111). சமநிலை. 2010 இறுதிப் போட்டியில் செயின்ற் கில்டா பத்துக் கோல், கொலிங்வூட் ஒன்பதுதான். ஆனால் 10.8 உம் 68, 9.14 உம் 68. இறுதிப் போட்டியே சமநிலையாகி, அடுத்த சனிக்கிழமை மறுபடி முதலிலிருந்து விளையாடி, அதில் கொலிங்வூட் வென்றது. 2018 இறுதிப் போட்டியைச் சொல்லும்போது மாமாவின் குரல் இறங்கியது. வெஸ்ற் கோஸ்ற் 11.13 (79), கொலிங்வூட் 11.8 (74). இரண்டு பக்கமும் பதினொரு கோல். "அஞ்சு ஒண்டால தோத்தம்" என்றார். அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக அவரால் சொல்ல முடிந்தது, எந்தப் பக்கக் கம்பம், எந்தக் கால்வாசி என்று.

அதைக் கேட்ட பிறகு என் கண் மாறிவிட்டது. பந்து எங்கே போகிறது என்று தேடுவதை விட்டு, கோல் நடுவரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் கால்வாசி முடிய கொலிங்வூட் நாலு கோலுக்கு மேல் பின்னுக்கு. எனக்கு முன்னால் இருந்த எசண்டன் கிழவர் ஃபிளாஸ்கிலிருந்து ரீ ஊற்றித் திரும்பி எனக்கும் ஒரு மூடி நீட்டினார். வாங்கிக் குடித்தேன். கடைசிக் கால்வாசியில் எல்லாம் தலைகீழ். கறுப்பு வெள்ளை கோலுக்கு மேல் கோல் போட்டது. இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத பெடியன் ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும்போது மைதானமே அவன் பக்கம் சாய்வதுபோல் இருந்தது. நிக் டெய்கோஸ் என்று பெயர். அவனுடைய அப்பாவும் இதே சட்டையோடு விளையாடியவராம். வென்றோம். "வென்றோம்" என்று என் வாயிலிருந்து வந்தது. மாமா திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு ரயிலில் வரும்போது அவருக்கு அந்த மூன்றாம் தசமதானக் கதையைச் சொன்னேன். அவர் தன் சால்வையைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆடியில் படிப்பு முடிந்தது, ஊருக்கு வந்துவிட்டேன்.

மாமாவின் அழைப்பு பத்து மணி தாண்டித்தான் வந்தது. "மச்சான், பாக்கிறியளோ?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கிட்ட வந்தார். பார்க்க ஒன்றுமில்லை. டண்டினோங் தொலைக்காட்சியின் படம் மச்சாளின் தொலைபேசியால் நுழைந்து, கொக்குவிலில் எங்கள் வீட்டுச் சிக்கனலில் வந்து சேரும்போது பச்சைக் கறையில் எறும்பு ஊர்வதுபோல்தான் தெரிந்தது. பந்தைக் காணவில்லை. மூலையில் இருந்த எண்கள் மட்டும் தெளிவாக இருந்தன. அப்பா தபால் கந்தோரில் முப்பத்துநாலு ஆண்டு கணக்குப் பார்த்தவர். எண் போதும் அவருக்கு.

"இதில புள்ளிக்கு இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன?"

கோல் ஆறு, மற்றது ஒன்று என்று சொன்னேன். தலையாட்டினார். கலண்டரில் முதல்நாள் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் இரண்டு நிரல் கீறி, பென்சிலை எடுத்துக்கொண்டார். எண் மாற மாற எழுதினார். அழைப்பு இரண்டு தடவை அறுந்தது. அறுந்த நேரத்தில் நடந்ததை மொத்தத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்த்து நிரப்பினார். பெறாமகன் வினாத்தாளை முடித்துவிட்டு நேரம் என்ன என்று கேட்டான். அப்பா மணிக்கூட்டைப் பார்க்க மறந்துவிட்டார். அவனும் வந்து தாத்தாவின் தோளில் தொங்கிக்கொண்டு நின்றான்.

கடைசி நிமிடங்களில் முன்னிலை மாறி மாறி வந்தது. தொலைபேசிக்குள்ளிருந்து மாமி கத்துவதும் மச்சாள் அழுவதும் கேட்டது, மாமாவின் சத்தத்தைக் காணோம். பிறகு சைரன். கொலிங்வூட் 12.18, பிறிஸ்பேன் 13.8. படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

அப்பா தாளில் கூட்டினார். பன்னிரண்டு ஆறு எழுபத்திரண்டு, பதினெட்டு, தொண்ணூறு. பதின்மூன்று ஆறு எழுபத்தெட்டு, எட்டு, எண்பத்தாறு. இன்னொரு தடவை கூட்டினார். பென்சில் நுனியைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"பதினெட்டுத் தரம் பிழைச்சிருக்கினம்" என்றார்.

"பிழைச்சதில்லை அப்பா. பதினெட்டு ஒண்டு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கிணற்றடி நாளுக்குப் பிறகு அப்பா என்னை இப்படி நேரே பார்த்து இவ்வளவு நேரம் இருந்த நினைவு எனக்கு இல்லை. "அந்த வரியம் உனக்கு எவ்வளவு குறைஞ்சது?" என்று கேட்டார். சொன்னேன். நான்கு தசமதானத்துக்கும் சொன்னேன். அவர் அதைத் தாளில், கொலிங்வூட்டின் பதினெட்டுக்குக் கீழே எழுதிக்கொண்டார்.

கேற் திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா நெற்றியில் விபூதியோடும் கையில் அருச்சனைத் தட்டோடும் வந்தார்.

"என்ன எல்லாரும் கூடி நிக்கிறியள்? ஆர் வெண்டது? தம்பியின்ர ஆக்களோ?"

"ஓம். பன்னிரண்டு கோல்" என்றார் அப்பா.

"மற்றவை?"

"பதின்மூண்டு."

"அதெப்பிடி?"

அப்பா எழும்பினார். விளக்குமாற்றிலிருந்து நான்கு ஈர்க்கு உருவித் தரும்படி பேரனிடம் சொன்னார். நடுவில் இரண்டு நெட்டை, ஓரத்தில் இரண்டு கட்டை, முற்றத்து மணலில் குத்தினார். குனிந்து இடைவெளியைச் சரி பார்த்தார். தென்னைக்குக் கீழே கிடந்த குரும்பட்டி ஒன்றை எடுத்துப் பேரனின் காலடியில் வைத்தார். அம்மா தட்டை இறக்கி வைக்கவில்லை. வாசற்படியில் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் உதைத்தான். குரும்பட்டி நெட்டைக்கும் கட்டைக்கும் நடுவால் உருண்டது. அப்பா ஒரு விரலை நீட்டினார்.